கரை வரை சுமக்கும் தொட்டி

தேவதானப்பட்டிக்கு வடக்கே கொடைக்கானல் மலை சுவர் எழுப்பியதுபோல் நிற்கிறது. மழைக்காலத்தில் வத்தலக்குண்டு – கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறினால், எதிர்ச் சரிவில் வெள்ளைக் கோடாகத் தொங்கும் தலையாறு அருவியைப் பார்க்கலாம். 297 மீட்டர் உயரம். எலிவால் அருவி என்றும் பெயர். அந்த நீர்தான் மஞ்சளாறாகி, தேவதானப்பட்டிக்கு மேலே 57 அடி அணையில் தேங்கி, வயலுக்கும் வைகைக்கும் போகிறது. மலைமேல் இருக்கும் பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது. மேற்கே, தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வரும் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகை அணையில் சேர்ந்து, ஐந்து மாவட்டங்களுக்குப் பயன்படுகிறது.

மேலே இருப்பவர் தண்ணீரில் விட்டது கீழே இருப்பவர் குடத்துக்கு வந்து சேரும் ஊர் இது. படகுகளைப் பற்றிய ஒரு சின்னக் கேள்வியை இங்கிருந்து கேட்பது பொருத்தம்தான்: படகில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கினால், அந்தக் கழிவு எங்கே போகிறது?

கொடைக்கானல் ஏரியில் இந்தக் கேள்வி எழாது. 1863இல் வெரே ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய அந்த ஏரிக்கு முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது. 1890 முதல் அங்கே படகுக் குழாம் இயங்குகிறது. ஆனால் பயணம் அரை மணி, ஒரு மணி நேரம்தான். இறங்கியதும் கரையில் கழிப்பறை இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப்பின் சிறு பந்தயப் படகுகளுக்கும் இது பொருந்தும். இருபது, இருபத்தைந்து அடிப் பாய்மரப் படகில் இரண்டு பேர் படுத்துறங்க ஓர் அறை வந்துவிட்டால் கதை மாறுகிறது. உறங்குகிற இடத்தில் கழிப்பறையும் வேண்டும்.

நெடுங்காலம் இதற்கு ஒரே பதில்தான்: படகைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது, அதில் விட்டுவிடு. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் ஒருவரின் கழிவு என்ன செய்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் நாளொன்றுக்குக் கழிக்கும் மலம் சராசரியாக 130 கிராமை ஒட்டி இருக்கும். சிறுநீர் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிராம் மலத்தில் ஒரு கோடி கோலிஃபார்ம் பாக்டீரியா என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஒரு நாள் கழிவில் 130 கோடி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கும் நீருக்கு விரும்பத்தக்கதாகச் சொல்லும் அளவு, 100 மில்லி லிட்டருக்கு 500 மலக் கோலிஃபார்ம். அந்த அளவுக்கு இதை நீர்க்கச் செய்ய 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் சுத்தமான தண்ணீர் தேவை. 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏறத்தாழ 22 லாரி! இது ஒரே ஆளின் ஒரு நாள் கணக்கு, அதுவும் குளிக்க மட்டும். குடிநீரில் ஈ.கோலை அறவே இருக்கக் கூடாது என்பதால் அங்கே நீர்க்கச் செய்யும் பேச்சுக்கே இடமில்லை.

ஆழ்கடலில் அலையும் உப்பும் வெயிலும் இந்தக் கிருமிகளைத் தீர்த்துவிடும். அதனால்தான் கப்பல்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான மார்போல், தன் நான்காம் இணைப்பில் தூரத்தை அளவுகோலாக வைத்திருக்கிறது. 2003இல் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளின்படி, அரைத்துக் கிருமிநீக்கம் செய்த கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம். அப்படிச் செய்யாத கழிவை 12 கடல் மைலுக்கு, அதாவது 22 கிலோமீட்டருக்கு அப்பால்தான் விடலாம். அப்போதும் கப்பல் குறைந்தது 4 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஏரியிலும் காயலிலும் 22 கிலோமீட்டர் தள்ளிப் போக இடமேது? அங்கே கழிவைக் கரை வரை சுமந்து வருவதைத் தவிர வழியில்லை.

பெரிய படகுகளில் அதற்காகத் தரையோடு பொருத்திய தொட்டி இருக்கும். அதை நிரப்பக் குழாய், காற்றுப் போக்கக் குழாய், கரையில் நின்று உறிஞ்சி எடுக்கத் தனிக்குழாய். சின்னப் படகில் இதற்கெல்லாம் இடம் இல்லை. அங்கே கைகொடுப்பது கழற்றி எடுக்கும் தொட்டி.

அதன் எளிய வடிவம் ஒரு சூட்கேஸ் அளவுள்ள இரண்டடுக்குப் பிளாஸ்டிக் பெட்டி. மேலடுக்கு உட்காரும் இடம்; கழுவுவதற்கான நல்ல தண்ணீரும் அதிலேயே இருக்கும். கீழடுக்கு 10 முதல் 20 லிட்டர் பிடிக்கும் கழிவுத் தொட்டி. இரண்டுக்கும் நடுவே ரப்பர் வளையம் பதித்த தட்டையான தள்ளுகதவு. கைப்பிடியை இழுத்தால் திறக்கும். தள்ளினால் காற்றுப் புகாமல் மூடிக்கொள்ளும்.

கரை சேர்ந்ததும் பக்கக் கொக்கியை விடுவித்தால் மேலடுக்கு தனியே வந்துவிடும். கீழடுக்கைப் பிடியில் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய், ஊற்றும் மூக்கின் மூடியைத் திறந்து சாய்க்க வேண்டும். அப்போது பெருவிரலால் ஒரு சின்னப் பொத்தானை அழுத்திப் பிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது தொட்டிக்குள் காற்றை விடும் துளை. அதை அழுத்தாமல் சாய்த்தால், போத்தலைக் கவிழ்த்தபோது வருவதுபோல் ‘குளுக் குளுக்’ என்று குதித்துச் சட்டையில் தெறிக்கும். அழுத்திக்கொண்டால் ஒரே சீராக வழிந்து இறங்கிவிடும்.

எடைதான் இதன் எல்லை. நிறைந்த 20 லிட்டர் தொட்டி, வீட்டுக்கு வரும் கேன் தண்ணீரின் கனம் இருக்கும். படிக்கட்டில் அந்தக் கேனைத் தூக்கியவர்களுக்கு, அதை ஆடும் படகிலிருந்து படித்துறைக்கு மாற்றுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய தொட்டி ஒற்றை ஆளால் ஆகாது. கழுவும் தண்ணீரையும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று வைத்தால், இரண்டு பேருக்கு இரண்டரை நாள் தாங்கும். வார இறுதிப் பயணத்துக்கு அது போதும்.

பொருத்துவதிலும் நுட்பம் உண்டு. பாய்மரப் படகு காற்றில் சாய்ந்தபடியே ஓடும். இருபது பாகை சாய்வு சாதாரணம். அந்த நேரத்தில் இருபது கிலோ திரவம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் படகின் சமநிலைக்கு நல்லதல்ல. ஆகவே தொட்டி படகின் நடுக்கோட்டை ஒட்டி, முடிந்தவரை தாழ்வாக இருக்க வேண்டும். தரையில் இரண்டு மரக்கட்டைகளை அடித்து, அவற்றுக்கிடையே தொட்டியை இறக்கி, நைலான் பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள். தனிக் கழிப்பறையிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் போட்டு நிரப்பும் தொட்டி என்றால், குழாயும் காற்றுவழியும் தொட்டியின் தலைப்பகுதியிலேயே இணைய வேண்டும். அப்போதுதான் படகு சாயும்போது கழிவு எதிர்த்து ஏறாது.

துர்நாற்றத்துக்குக் காரணம் கழிவு மட்டுமே என்று எண்ணுவோம். உண்மையில் காற்று இல்லாமை பெரும் காரணம். ஆக்சிஜன் கிடைக்கும் தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் மணமற்ற கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறொரு கூட்டம் ஆட்சிக்கு வருகிறது. அவை விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகிய முட்டை நாற்றம். கடல்நீரில் சல்ஃபேட் நிறைய இருப்பதால், கடல்நீரால் கழுவும் தொட்டியில் இந்த நாற்றம் இன்னும் கூடும். நல்ல தண்ணீரும், அகலமான காற்றுக்குழாயும் இருந்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்தை ஊற்றி நாற்றத்தை அடக்குவது பழைய வழக்கம். அந்த மருந்து கரையிலுள்ள செப்டிக் டேங்கின் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும் என்பதால், என்சைம் வகைகளே இப்போது பரிந்துரைக்கப்படுகின்றன.

தொட்டி சரியாக அமைந்துவிட்டால் வேலை முடிந்ததா? பாதிதான். மறுபாதி கரையில் இருக்கிறது. அமெரிக்கா 1992இல் படகுத் துறைகளில் கழிவு உறிஞ்சும் நிலையங்கள் அமைக்க நிதி தரவென்றே ஒரு சட்டம் இயற்றியது. கொட்ட இடமில்லாதவனிடம் தொட்டி வாங்கு என்று சொல்லிப் பயனில்லை என்பது அங்கே புரிந்திருந்தது. நமக்கு அருகில் இதன் பாடம் வேம்பநாட்டுக் காயல். 2002இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காயலில் ஆலப்புழை, குமரகம் படகு வீடுகள் இரவும் பகலும் ஆட்களைச் சுமக்கின்றன. அங்கே கோலிஃபார்ம் அளவு வரம்பை மீறுவதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. படகு வீடுகளோடு கரையோரக் குடியிருப்புகளுக்கும் விடுதிகளுக்கும் அதில் பங்குண்டு.

இதே சிக்கலைத் தண்டவாளத்தில் சந்தித்தது இந்திய ரயில்வே. பெட்டியிலிருந்து நேரே கீழே விழுந்த மலம் தண்டவாளத்தை அரித்தது. அதைவிடக் கொடுமையாக, நிலையங்களில் அதை அப்புறப்படுத்தச் சில மனிதர்கள் நிறுத்தப்பட்டார்கள். குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தின் பாக்டீரியாக் கலவையைக் கொண்ட உயிரிக் கழிப்பறைத் தொட்டிகள் பெட்டிகளின் அடியில் வந்தது இதற்கான தீர்வாகத்தான். நாட்டின் முதல் பசுமை ரயில் வழித்தடமாக 2016 ஜூலை 24இல் அறிவிக்கப்பட்டது நம் ராமேஸ்வரம் – மானாமதுரை பாதை: 114 கிலோமீட்டர், 10 ரயில்களின் 286 பெட்டிகள். 2023 ஜூன் 15 முதல் போடிநாயக்கனூர் வரை அகலப்பாதை ரயில் ஓடுகிறது. மதுரையிலிருந்து தேனி வழியாக வரும் அந்தப் பெட்டிகளின் அடியிலும் தொங்குபவை அதே வகைத் தொட்டிகள்தான். தண்ணீர் போத்தலும் துணியும் போட்டால் அவை அடைத்துக்கொள்ளும். 2017இல் வெளியான தணிக்கைத் துறை அறிக்கை இந்த அடைப்புகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது.

தொட்டியை யார் காலி செய்வது என்ற கேள்வி நம் நாட்டில் வெறும் தொழில்நுட்பக் கேள்வி அன்று. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும், செப்டிக் டேங்கில் இறங்கியவர்கள் விஷவாயுவால் சாகும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. படகின் தொட்டியில் மூக்கைப் பிடிக்கவைக்கும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு, மூடிய குழியில் செறிந்தால் முதலில் மோப்பத்தை மழுங்கடித்துப் பிறகு உயிரைப் பறிக்கிறது. கழற்றி எடுக்கும் சின்னத் தொட்டியில் யாரும் இறங்க வேண்டியதில்லை. பயன்படுத்தியவரே சுமந்து போய், அவரே கொட்டி, அவரே அலசி வைக்கிறார். இந்தக் கருவியின் பெரிய சிறப்பு அதுதான்.

மஞ்சளாற்றில் பாய்மரப் படகு ஓடவில்லை. ஆனால் மகா சிவராத்திரிக்கு மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் கூட்டம் திரள்கிறது. கோடையில் கொடைக்கானலுக்கு வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. இப்படிப்பட்ட கூட்டத்துக்கு நிறுத்தப்படும் நடமாடும் கழிப்பறை ஒவ்வொன்றும், சக்கரம் வைத்த அதே தொட்டிதான். அதற்கும் ஒரு கரை வேண்டும்: செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருப்பதுபோன்ற மலக்கசடு சுத்திகரிப்பு நிலையமோ, பாதாளச் சாக்கடையோ. விழாக் குழுவினரும் விடுதிக்காரர்களும் அடுத்த முறை கழிப்பறை வண்டியையோ கழிவுநீர் லாரியையோ வாடகைக்கு எடுக்கும்போது, எத்தனை ரூபாய் என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே ஓடையில் கொட்டும் எதுவும் மஞ்சளாறு வழியாக வைகைக்குத்தான் போகிறது.