நேராக ஓட மறுக்கும் படகு: அதிவேக மின்சார ரேடியோ படகுகளில் திசைதிருப்பல் கோளாறுகள்

ரேடியோ அலையால் இயக்கப்படும் அதிவேக மின்சாரப் படகு பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை நீளமுள்ளது. கண்ணாடியிழை அல்லது பிளாஸ்டிக் உடல், பிரஷ்லெஸ் மோட்டார், லித்தியம் பாலிமர் பேட்டரி, மோட்டாரின் வேகத்தை ஆளும் ஈ.எஸ்.சி., சுக்கானைத் திருப்பும் சர்வோ, ஆணையை வாங்கும் ரிசீவர் ஆகியவைதாம் அதன் உறுப்புகள். நன்கு அமைந்த படகு மணிக்கு 60 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வேகத்தில் அது நீருக்குள் மிதப்பதில்லை. அடிப்பகுதியின் கடைசிச் சிறு பரப்பும் சுக்கானும் பாதி புரொப்பல்லரும் மட்டுமே நீரைத் தொட, மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போகிறது. திசைதிருப்பல் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் பிறக்கின்றன. மெதுவாக ஓடும்போது ஒழுங்காகத் திரும்பிய படகு, முழு வேகத்தில் ஒரு பக்கம் இழுக்கும். திரும்பச் சொன்னால் நேரே போகும். அல்லது திடீரென்று மூக்கைக் குத்திக் கவிழும்.

உலகின் முதல் ரேடியோ கட்டுப்பாட்டு இயந்திரமாகப் பெரிதும் கருதப்படுவதே ஒரு மின்சாரப் படகுதான். நிகோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் தொட்டி நீரில் அதை ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி அவருக்கு 613,809 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தொலைவிலிருந்து சுக்கானைத் திருப்புவதே அந்தக் கண்டுபிடிப்பின் உயிர்நாடி. அவருடைய படகு மெல்ல நகர்ந்தது. ஆகவே சுக்கான் திரும்பினால் படகும் திரும்பியது. வேகம் கூடிய பிறகு கணக்கு மாறுகிறது.

மாற்றத்தின் அளவை ஒரு சிறு கணக்கு காட்டும். நீரின் அழுத்த விசை வேகத்தின் இருமடியாக வளரும். நீருக்குள் 12 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு சுக்கான் இலை, 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதமாகத் திரும்பும்போது சுமார் 1.7 கிலோகிராம் எடைக்குச் சமமான பக்கவிசையைத் தாங்குகிறது. வேகம் 60 ஆனால் அது 6.8 ஆகிறது. அந்த விசை சுக்கானின் அச்சுக்கு அரை சென்டிமீட்டர் பின்னால் விழுவதாகக் கொண்டால், அச்சில் விழும் முறுக்கு 0.85 கிலோகிராம்-சென்டிமீட்டரிலிருந்து 3.4க்கு ஏறுகிறது. பொம்மை விமானங்களுக்கான 9 கிராம் சர்வோ முதல் நிலையைச் சமாளிக்கும், இரண்டாவதில் தோற்றுவிடும். கரையில் கையால் ஆட்டிப் பார்த்து, சுக்கான் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது இதனால்தான் போதாது. என்றாலும் சோதனை கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரேடியோ, மின்சாரம், இணைப்புக் கம்பி, சுக்கான், கடைசியில் படகின் உடல் என்ற வரிசையில் போனால் நேரமும் பணமும் மிஞ்சும். வலுவான சர்வோ வாங்கு என்பதே முதல் ஆலோசனையாக வருவது வழக்கம். வரிசையைத் தாண்டிச் செய்யும் அந்தச் செலவு பல நேரம் வீண்.

பேட்டரியை இணைக்கும் முன் புரொப்பல்லரைக் கழற்றிவிட வேண்டும். தவறுதலாகச் சுழன்றால் விரலை அறுத்துவிடும் கூர்மை அதற்கு உண்டு. பிறகு ரிமோட்டின் சக்கரத்தை இரு பக்கமும் திருப்பி, சுக்கான் சரியான பக்கம் போகிறதா, இரு பக்கமும் சம அளவு போகிறதா என்று பார்க்கலாம். சர்வோவுக்குப் போகும் துடிப்பு 1,500 மைக்ரோ நொடி இருக்கும்போது அது நடுவில் நிற்க வேண்டும்; 1,000, 2,000 என்பவை இரு எல்லைகள். சர்வோவின் கையை நடுநிலையில் செங்குத்தாகப் பொருத்தி, கம்பியின் நீளத்தை மாற்றிச் சுக்கானை நேராக்கிய பின்பே ரிமோட்டின் டிரிம் குமிழைத் தொடலாம். கோணலான பொருத்தத்தை டிரிம்மால் மறைத்தால் ஒரு பக்கம் எல்லை தீர்ந்துபோய், வலம் நன்றாகத் திரும்பும் படகு இடம் திரும்பாமல் நிற்கும். சில ரிமோட்டுகளில் டிஜிட்டல் சர்வோவுக்கெனத் துடிப்பை வேகமாக அனுப்பும் தேர்வு இருக்கிறது. அதில் அனலாக் சர்வோவை இணைத்தால் சர்வோ நடுங்கும், சூடாகும், கருகியும் போகும்.

இன்றைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. குறைந்த திறன் கருவிகளுக்கு இந்தியாவில் இதற்கு உரிமம் தேவையில்லை. இந்த அலையை நீர் விழுங்கிவிடும். கார்பன் இழை மறைத்துவிடும். ரிசீவரின் ஆன்டெனா நுனி நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு பிளாஸ்டிக் குழாயில், நிமிர்ந்து நிற்க வேண்டும். அது உடலுக்குள் சுருண்டு கிடந்தால், அருகில் கேட்கும் படகு தொலைவில் கேட்காது. ரிசீவரை ஈ.எஸ்.சி.யிடமிருந்தும் மோட்டார் கம்பிகளிடமிருந்தும் இடம் உள்ளவரை தள்ளி வைப்பதும் நல்லது. ஒருவர் படகைக் கையில் பிடித்து நிற்க, மற்றவர் ரிமோட்டோடு கரை நெடுக நடந்து, சுக்கான் எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதே எளிய தொலைவுச் சோதனை.

மின்சாரக் கோளாறு இதைவிட ஏமாற்றும் தன்மையுடையது. பெரும்பாலான படகுகளில் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தனி பேட்டரி கிடையாது; ஈ.எஸ்.சி.க்குள் உள்ள பி.இ.சி. என்ற சிறு சுற்று, பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 அல்லது 6 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. முழு வேகத்தில் வளைவில் புகும்போது மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். அதே கணத்தில் சர்வோவும் இழுக்கும். பி.இ.சி. தாங்காவிட்டால் மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் அணைந்து மீண்டும் விழிக்கும். அந்த ஓரிரு நொடிகளில் படகு யார் சொல்லையும் கேட்காமல் ஓடும். கரைக்கு வந்தபின் எல்லாம் சரியாக இருக்கும். வளைவில் மட்டும், முழு வேகத்தில் மட்டும், சில நொடிகள் மட்டும் கட்டுப்பாடு போகிறது என்றால் சந்தேகம் முதலில் இங்கே விழ வேண்டும். தனி பி.இ.சி. அல்லது ரிசீவருக்கென ஒரு சிறு பேட்டரி பொருத்தினால் தீரும். தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்திருப்பது கட்டாயம். ரிமோட்டை அணைத்துப் பார்த்து அதை உறுதி செய்யலாம்.

அடுத்தது சர்வோவையும் சுக்கானையும் இணைக்கும் கம்பி. சுக்கான் இலையை இரு விரல்களால் பிடித்து வலமும் இடமும் மெல்ல அழுத்தினால் குறை வெளிப்படும். சர்வோ அசையாமல் இலை மட்டும் ஆடினால், பந்து இணைப்புத் தேய்ந்திருக்கலாம். சர்வோ கையின் திருகு தளர்ந்திருக்கலாம். ஒட்டுநாடாவால் ஒட்டிய சர்வோ அடியோடு பெயர்ந்திருக்கலாம். சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் கோடை வெப்பத்தில், வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடக்கும் படகில் இந்த ஒட்டுநாடா இளகிவிடும். சர்வோவை மரக்கட்டையிலோ அலுமினியத் தாங்கியிலோ திருகி இறுக்குவதே நம்பகமானது. ஆட்டமே இல்லாவிட்டாலும் நீளமான மெல்லிய கம்பி அழுத்தும்போது வில்லாக வளையும். இழுக்கும் பக்கம் நன்றாகவும் தள்ளும் பக்கம் சோம்பலாகவும் படகு திரும்புவதற்கு இதுவே காரணம். கம்பியைக் குட்டையாக்கலாம், தடிப்பாக்கலாம், அல்லது நடுவில் ஒரு வழிகாட்டி வளையம் வைக்கலாம்.

சுக்கானிடம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் உடைமுள். மிதக்கும் கட்டையிலோ கல்லிலோ மோதினால் படகின் பின்பலகை பெயராதிருக்க, சுக்கான் பின்னோக்கி மடியும்படி நைலான் முள் ஒன்றைப் பொருத்துவார்கள். முள் பாதி உடைந்திருந்தாலோ, மடியும் போல்ட்டு தளர்ந்திருந்தாலோ, மெதுவாக ஓடும்போது நிமிர்ந்து நிற்கும் இலை வேகத்தில் பின்னால் சாய்ந்து நீரை விட்டு எழும்பும். பல படகுகளில் மோட்டாரைக் குளிர்விக்கும் நீரும் சுக்கானின் ஓட்டை வழியாகவே ஏறுகிறது. அந்த ரப்பர் குழாய் விறைப்பாகவோ குட்டையாகவோ இருந்தால் சுக்கானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு இலையை விரலால் திருப்பி விட்டால், அது தானாக ஒரு பக்கம் திரும்பி வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் வேகத்தில் சுக்கானுக்குப் பிடிப்பு இல்லை என்றால், காற்று புகுகிறது என்று பொருள். இலை திரும்பும்போது அதன் ஒரு முகத்தில் அழுத்தம் குறைகிறது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்று அந்த முகம் வழியாகக் கீழிறங்கி, நீர் இருக்க வேண்டிய இடத்தை நிரப்பிக்கொள்கிறது. பிடிப்பு ஒரேயடியாக அறுந்து, படகு நேரே சறுக்கும். அதிகமாகத் திருப்பினால் அதிகமாகத் திரும்பும் என்று சக்கரத்தை முழுவதும் முறுக்குவது நிலைமையைக் கெடுக்கும்; கோணம் கூடக்கூடக் காற்று எளிதாக இறங்கும். இலையின் முன்விளிம்பைக் கத்திபோல் கூராக்குவது, பள்ளங்களைத் தேய்த்துச் சமமாக்குவது, இலையைச் சற்று ஆழமாக இறக்குவது, செங்குத்தாக நிறுத்துவது, ரிமோட்டில் திருப்பல் எல்லையைக் குறைப்பது ஆகியவை இதற்குரிய மருந்துகள்.

நேரே ஓடும்போது ஒரு பக்கம் இழுக்கும் நோய்க்குப் புரொப்பல்லரே பெரும் காரணம். நீரில் பாதி மட்டும் மூழ்கிய புரொப்பல்லர், மணலில் உருளும் சக்கரம்போல் படகின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும். பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றினால் பின்புறம் வலப்பக்கம் போகும். மூக்கு இடப்பக்கம் திரும்பும். மோட்டாரின் எதிர்முறுக்கும் சேர்ந்து உடலை இடப்பக்கம் சாய்க்கும். இடஞ்சுழிப் புரொப்பல்லரில் எல்லாம் தலைகீழ். இரட்டை மோட்டார் படகுகளில் இரண்டையும் எதிரெதிராகச் சுற்றவைத்து இதைத் தவிர்க்கிறார்கள். ஒற்றை மோட்டாரில், சாயும் பக்கத்தின் பின்தகட்டை மயிரிழை இறக்கியோ, பேட்டரியை எதிர்ப்பக்கம் சற்று நகர்த்தியோ சரிசெய்யலாம். சுக்கானை நிரந்தரமாகக் கோணி வைத்து நேராக்குவது வேகத்தைத் தின்னும் தீர்வு.

இதிலும் தீராவிட்டால் உடலின் அடியைப் பார்க்க வேண்டும். எஃகு அளவுகோலைப் பின்பலகையிலிருந்து முன்னோக்கி வைத்தால் ஒளி தெரியக் கூடாது. வெயிலில் முறுக்கிக்கொண்ட பிளாஸ்டிக் உடலும், ஏரிக்கரைக் கல்லில் உரசித் தேய்ந்த விளிம்பும் எத்தனை டிரிம் வைத்தாலும் நேராக ஓட விடா.

வளைவில் நடப்பது பெரிதும் எடைச் சமநிலையைப் பொறுத்தது. பல வி-அடிப் படகுகளில் எடை மையம் பின்பலகையிலிருந்து உடல் நீளத்தின் 30 சதவீதம் அளவில் இருப்பது நல்ல தொடக்கம். அதற்கு முன்னால் போனால் அணியம், அதாவது மூக்குப் பகுதி, நீரைக் கவ்விக்கொள்ளும்; அப்போது மூக்கே சுக்கானாகிப் படகைச் சடாரென்று சுழற்றிவிடும். மிகப் பின்னால் போனால் மூக்கு துள்ளும், காற்றில் எழும். புரொப்பல்லர் தண்டைத் தாங்கும் ஸ்டிரட்டின் பின்முனையை உயர்த்தினால் மூக்கு எழும்பும், தாழ்த்தினால் அமுங்கும். அரை டிகிரி மாற்றம்கூட ஓட்டத்தில் தெரியும். உடலுக்குள் கசிந்த நீரும் ஓர் எடைதான். வளைவில் அது ஒரு பக்கம் ஓடிச் சேர்ந்து படகைக் கவிழ்க்கும்.

ஹைட்ரோபிளேன், இரட்டை உடல் படகுகளில் பக்கத்தில் ஒரு செங்குத்துத் தகடு இருக்கும். வளைவில் படகு வெளிப்பக்கம் சறுக்காமல் நீரைப் பற்றுவது அதுதான். அமெரிக்காவின் நாம்பா, ஐ.எம்.பி.பி.ஏ. என்ற மாதிரிப் படகுப் பந்தய அமைப்புகளின் நீள்வட்டப் போட்டிகள் வலஞ்சுழியாக நடப்பதால், தகடும் சுக்கானும் வலப்பக்கம் பொருத்தப்படுகின்றன. அத்தகைய படகு இடப்பக்கம் மோசமாகத் திரும்பினால் அதில் பழுது எதுவும் இல்லை. அது அப்படித்தான் கட்டப்பட்டது. வலப்பக்கமும் சறுக்கினால் தகடு வளைந்திருக்கிறதா, விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் ஏரிகளை நிரப்புவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. மழை முடிந்த வாரங்களில் நீர் ஆழமாகவும் படகுக்கு ஏற்றதாகவும் இருக்கும். கோடை நெருங்கும்போது நீர் வற்றி, பாசியும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் மிஞ்சும். நன்றாக ஓடிய படகு பாதியில் திரும்ப மறுத்தால், கருவிப்பெட்டியைத் திறக்கும் முன் சுக்கானில் சுற்றிய பாசியைத் தேடுவது புத்திசாலித்தனம். கடலோரத்தில் பழவேற்காட்டு ஏரியின் உப்பு நீர் தாங்கிகளையும் மின் இணைப்புகளையும் அரித்துவிடும்; குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும் அந்த நீர்ப்பரப்பில் படகு விடாதிருப்பதே மேல். திருப்பதிக்குக் குடிநீர் தரும் கல்யாணி அணையும், தெப்போற்சவம் நடக்கும் கோயில் புஷ்கரிணிகளும் இதற்குரிய இடங்கள் அல்ல. ஆள் இறங்காத, மாடு குளிக்காத ஊர் ஏரியே போதும். அதற்கும் உரியவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீரில் சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பேட்டரியை நகர்த்தி, ஸ்டிரட்டையும் திருகி, புரொப்பல்லரையும் மாற்றிய பிறகு படகு நேராக ஓடினால், எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது. பேட்டரி இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நோட்டில் எழுதி, பாதி வேகத்தில் பார்த்தபின் முழு வேகம் கொடுப்பதே பழகியவர்களின் முறை. நடு ஏரியில் நின்றுவிட்ட படகை எடுக்க யாரும் நீந்திப் போக வேண்டாம். சேறும் கொடியும் மறைந்திருக்கும் ஏரிகள் இவை; தூண்டில் கோலும், அதன் நூலில் கட்டிய ஒரு டென்னிஸ் பந்தும் எப்போதும் கரையில் இருக்கட்டும்.