கப்பற் கட்டணமும் காலியறையும்

1891ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22ஆம் நாள் ஜேர்மனியின் குக்ஸ்காவன் துறைமுகத்திலிருந்து 'அவுகுஸ்தா விக்ரோரியா' என்னும் நீராவிக் கப்பல் புறப்பட்டது. அட்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்து நியூயோர்க் நகருக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்வதே அதன் வழக்கமான தொழில். அன்றோ அது மத்தியதரைக் கடலை நோக்கிச் சென்றது. அதில் இருந்த சுமார் 240 பேரும் ஓர் ஊருக்குப் போய்ச் சேரும் நோக்கத்துடன் ஏறியவர்கள் அல்லர். கடலையும் கரையோர நகரங்களையும் கண்டு களித்து, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் தாயகம் திரும்புவதற்காக ஏறியவர்கள்.

இத்தகைய பயணம் ஏன் ஏற்பட்டது? குளிர்காலத்தில் அட்லாந்திக் கடல் கொந்தளிக்கும். அவ்வழியே செல்வோர் தொகையும் குறைந்துவிடும். பெரும் பொருட்செலவில் கட்டிய கப்பல் ஆளின்றிக் கிடந்தாலும் அதற்கான செலவு நிற்பதில்லை. ஹம்பேர்க் - அமெரிக்கக் கப்பற் கொம்பனியில் அதிகாரியாக விளங்கிய அல்பேர்ட் பாலின் என்பவர் இதனைக் கண்டு, காலியாகக் கிடக்கும் கப்பலை இன்பச் செலவுக்கு அனுப்பினால் என்ன என்று எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனே அப்பயணம். எனவே, இன்று உலகெங்கும் பரந்துள்ள உல்லாசக் கப்பற் பயணத் தொழிலின் தொடக்கத்திலேயே காலியறையைப் பற்றிய கவலை இருந்தது எனலாம். இக்கவலையை விளங்கிக்கொண்டவருக்கு, கப்பற் கட்டணம் ஏன் ஏறுகிறது, எப்பொழுது இறங்குகிறது என்பதும் விளங்கிவிடும்.

மாலைச் சந்தையில் மீன் விற்பவரைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். காலையில் சொன்ன விலையைப் பொழுது சாயும்போது அவர் சொல்வதில்லை. விற்காத மீன் மறுநாள் மீனாக இராது. கப்பலின் அறையும் அத்தகையதே. கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்த கணத்தில், விற்கப்படாத அறையின் மதிப்பு பூச்சியமாகிவிடுகிறது. அதை மறுவாரத்துக்கு எடுத்து வைக்க இயலாது. ஆனால், சந்தைக்குக் கூட்டம் பெருகி, மீன் முற்பகலிலேயே விற்றுத் தீர்ந்துவிடுமாயின், மாலை மலிவை நம்பிக் காத்திருப்பவர் வெறுங் கூடையுடனேயே திரும்புவார். அண்மை ஆண்டுகளில் உல்லாசக் கப்பல்களில் நிகழ்ந்திருப்பது இதுவேயாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோய் காரணமாக உலகின் உல்லாசக் கப்பல்கள் ஏறக்குறைய முற்றாக நின்றுபோயின. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து அவை மீண்டும் பிரயாணிகளுடன் புறப்பட 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆயிற்று. ஓராண்டுக்கு மேலாக வருமானம் இல்லை. செலவு மட்டும் இருந்தது. அக்காலத்தில் கொம்பனிகள் பெருந்தொகையான கடனைப் பெற்றன. அவற்றுள் மிகப் பெரியதாகிய கார்னிவல் கொம்பனியின் கடன் 30 பில்லியன் டொலருக்கும் மேல் சென்றது. கடனுக்கு வட்டி உண்டு. அவ்வட்டியைக் கட்டுவதற்குரிய பணம் இறுதியில் பிரயாணியிடமிருந்தே வரவேண்டும்.

இதற்கிடையில் மக்கள் திரும்பி வந்தனர். முன்னையிலும் பெருந்தொகையினராக வந்தனர். 2019இல் உல்லாசக் கப்பல்களில் சென்றோர் 2 கோடியே 97 இலட்சம் பேர். 2024இல் சென்றோர் 3 கோடியே 46 இலட்சம் பேர் என்பது கப்பற் கொம்பனிகளின் சர்வதேசச் சங்கத்தின் கணக்கு. ஆட்கள் பெருகிய வேகத்தில் கப்பல்கள் பெருக முடியாது. இவ்வகைப் பெருங் கப்பல்களைக் கட்டும் தளங்கள் ஜேர்மனி, இத்தாலி, பிரான்ஸ், பின்லாந்து ஆகிய நாடுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே உள்ளன. இன்று கட்டளை கொடுத்தால் கப்பல் கைக்கு வரப் பல ஆண்டுகள் செல்லும்.

இவற்றோடு வேறு செலவுகளும் சேர்ந்தன. 2020 ஜனவரி முதல் கந்தகம் குறைந்த எரிபொருளையே கப்பல்கள் பயன்படுத்த வேண்டும், அல்லது புகையைச் சுத்திகரிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்னும் சர்வதேச விதி நடைமுறைக்கு வந்தது. 2024 முதல் ஐரோப்பியத் துறைமுகங்களுக்குச் செல்லும் பெருங் கப்பல்கள் தாம் வெளியிடும் கரிப்புகைக்கும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. துறைமுக நகரங்களும் தத்தம் பங்கைக் கேட்கத் தொடங்கின. கிரேக்க நாட்டின் சந்தொரினி, மிக்கனோஸ் ஆகிய தீவுகளில் இறங்கும் கப்பற் பிரயாணி ஒவ்வொருவருக்கும், நெரிசல்மிக்க கோடை மாதங்களில் 20 யூரோ என 2025 ஜூலை முதல் வரி விதிக்கப்பட்டது. மெக்சிக்கோவும் அதே மாதத்தில் ஆளுக்கு 5 டொலர் வரியைத் தொடங்கிற்று.

கட்டண உயர்வின் காரணங்கள் இவையாயின், அதற்குள்ளேயே நயமான விலையைக் காண்பது எங்ஙனம்? கொம்பனி தன் அறைகளைக் கணக்கிடும் முறையிலிருந்தே தொடங்கவேண்டும். அறை ஒன்றுக்கு இருவர் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. 2024 ஜனவரியில் மியாமி நகரிலிருந்து முதற் பயணம் புறப்பட்ட 'ஐக்கோன் ஒவ் த சீஸ்' என்னும் கப்பல், மொத்தத் தொன்னளவில் டைட்டானிக் கப்பலைப்போல் ஐந்து மடங்குக்கும் பெரியது. அறைக்கு இருவராக 5,610 பேர் அதில் செல்லலாம். மேற்கட்டில்களும் நிறைந்தால் சுமார் 7,600 பேர். மூன்றாவது, நான்காவது கட்டில் நிறைவது கொம்பனிக்கு மேல் வருமானம். ஆகவே, ஒரே அறையில் தங்கும் குழந்தைகளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மாறாக, துணையின்றிச் செல்லும் ஒருவர் இரண்டாவது கட்டிலைக் காலியாக்குகின்றார். அதனால், பல கப்பல்களில் அவர் ஏறக்குறைய இருவருக்குரிய கட்டணத்தையே கொடுக்க நேரிடுகிறது. வாழ்க்கைத் துணையை இழந்து தனியே செல்லும் முதியவருக்கு இது கொடிதாகவே தோன்றும். ஒருவருக்கெனவே அமைத்த சிற்றறைகள் சில கப்பல்களில் உண்டு. அவற்றின் தொகை சிறிதாகையால் நெடுநாள் முன்னரே அவற்றைக் கேட்டுப் பெறவேண்டும்.

அடுத்தது பருவம். அலாஸ்காவின் பனியாறுகளைக் காணச் செல்லும் கப்பல்கள் பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரையில் ஓடுகின்றன. அவற்றுள் ஜூலை மாதமே விலை உயர்ந்தது. மே மாதத் தொடக்கமும் செப்டெம்பர் மாதமும் விலை தாழ்ந்தவை. கரீபியன் கடலில் நத்தார், புதுவருடம், பாடசாலை விடுமுறைகள் ஆகிய நாள்களில் விலை உச்சத்தில் நிற்கும். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இறங்கும். இறங்குவதற்குக் காரணமும் உண்டு. ஜூன் முதலாந் திகதி தொடங்கி நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிக் காலம். மலிவை நாடுபவர், கப்பல் வழிமாறிச் செல்லவும் கூடும் என்பதை அறிந்தே அதனை நாடவேண்டும்.

பருவம் மாறும்போது கப்பல்களும் கடல் மாறுகின்றன. வசந்தத்தில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்கும், இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கரீபியனுக்கும் செல்லும் கப்பல்களை வெறுமையாக ஓட்டக் கொம்பனி விரும்புவதில்லை. ஆதலால், அப்பயணங்களில் நாளொன்றுக்கான கட்டணம் பெரும்பாலும் குறைவு. கரையைக் காணாமலே பல நாள் கழியும். கடலின் தனிமையை விரும்புவோருக்கு அது குறையன்று. ஆயினும் புறப்படும் இடமும் இறங்கும் இடமும் வெவ்வேறாகையால், விமானச் செலவைக் கூட்டிப் பார்த்த பின்னரே மலிவா அன்றா எனத் துணியவேண்டும்.

பதிவு செய்யுங் காலத்தைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. முற்கூட்டியே பதிவதுதான் இலாபம் என்பர் சிலர்; இறுதி நேரத்தில்தான் மலிவு என்பர் வேறு சிலர். அவரவர் நிலையைப் பொறுத்து இரண்டும் உண்மையே. ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை கொம்பனிகள் சலுகைகளை அறிவித்து முற்பதிவை ஊக்குவிக்கின்றன. பாடசாலை விடுமுறையில் மட்டுமே செல்லக்கூடிய குடும்பத்தினரும், குறிப்பிட்ட வகை அறை வேண்டுவோரும் அப்பொழுதே பதிவதுதான் புத்தி. முற்பணம் கட்டிய பின் விலை இறங்கினால், இறுதித் தொகையைச் செலுத்துவதற்கு முன்னர் குறைந்த விலைக்கு மாற்றித் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே முகவரிடம் கேட்டறிய வேண்டும். பல இடங்களில் மாற்றித் தருவர்; கேளாதவருக்கு அது கிடைப்பதில்லை. இறுதித் தொகையைச் செலுத்தும் நாள் பொதுவாகப் பயணத்துக்கு மூன்று மாதமளவு முன்னர் வரும். மனம் மாறியவர்கள் விட்டுச்சென்ற அறைகள் அந்நாளை ஒட்டியே சந்தைக்குத் திரும்புகின்றன. துறைமுகத்துக்கு அண்மையில் வாழ்பவரும், எந்நாளிலும் புறப்படக்கூடிய ஓய்வுடையவரும் அதுவரை காத்திருக்கலாம். இலங்கையிலிருந்து விசா பெற்று, விமானமேறிச் சென்று கப்பலைப் பிடிக்க வேண்டியவருக்கு அக்காத்திருப்பு பெரும்பாலும் இலாபந் தராது. புறப்பட்ட துறைமுகத்துக்கே அயல்நாடு சென்று திரும்பும் பயணமாயின், பலமுறை நுழைவதற்குரிய விசா தேவைப்படலாம் என்பதையும் அவர் மறத்தலாகாது.

விளம்பரத்திற் காணும் தொகை முழுச் செலவன்று. கட்டாயக் கட்டணங்கள் யாவற்றையும் அறிவிக்கும் விலையிலேயே காட்டவேண்டும் என்று கலிபோர்ணியா மாநிலம் இயற்றிய சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் துறைமுக வரிகளையும் சேர்த்த விலையையே பெரிய கொம்பனிகள் அமெரிக்காவில் அறிவிக்கலாயின. எனினும் சிப்பந்திகளுக்கான அன்பளிப்பு, குடிவகை, இணைய வசதி, கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு ஆகியன பெரும்பாலும் வெளியிலேயே நிற்கின்றன.

ஓர் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். ஒரு தம்பதியர் ஏழு இரவுப் பயணத்துக்கு இரண்டு கப்பல்களை ஒப்பிடுவதாகக் கொள்ளலாம். முதலாவதில் ஆளுக்கு 700 டொலர், இருவருக்கு 1,400. நாளுக்கு ஆளுக்கு 17 டொலர் வீதம் அன்பளிப்பு 238. இணைய வசதி நாளுக்கு 20 வீதம் 140. இரண்டு துறைமுகங்களில் ஆளுக்கு 80 வீதம் சுற்றுலா 320. மொத்தம் 2,098 டொலர். அறிவித்த விலையைப்போல் ஒன்றரை மடங்கு. இரண்டாவது கப்பலில் ஆளுக்கு 950 டொலர். ஆனால் அன்பளிப்பும் இணைய வசதியும் அதனுள் அடக்கம். சுற்றுலாச் செலவுடன் மொத்தம் 2,220. விளம்பரத்தில் 500 டொலராகத் தோன்றிய வேற்றுமை, கணக்கில் 122 டொலராகச் சுருங்கிவிடுகிறது. மலிவென்று எண்ணியதை விட்டுவிடவேண்டும் என்பதன்று இதன் கருத்து. ஒப்பிட வேண்டியது எந்தத் தொகையை என்பதே கருத்து.

அன்பளிப்புப் பணத்தைக் குறைத்துக்கொள்வதையும் ஒரு சிக்கனமாகச் சிலர் கூறுவதுண்டு. அறையைத் துப்புரவு செய்பவரும் உணவு பரிமாறுபவரும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வீட்டைப் பிரிந்து பல மாதம் கடலில் உழைப்போர். அப்பணம் அவர்களுடைய வருவாயின் ஒரு பகுதி. அதனை மிச்சப்படுத்துவது சிக்கனமாகாது. மிச்சப்படுத்த வேறு வழிகள் உள. யன்னல் இல்லாத உள்ளறை, பல்கணியுள்ள அறையிலும் மிகக் குறைந்த விலையுடையது. உறங்குவதற்கு மட்டுமே அறைக்குச் செல்பவருக்கு அது போதுமானது. அறையின் வகையை மட்டும் சொல்லி, இலக்கத்தைத் தெரியும் உரிமையைக் கொம்பனியிடமே விட்டுவிடுவோருக்கும் விலை பெரும்பாலும் குறையும்.

துறைமுகங்களின் பெயர்ப்பட்டியலைக் கண்டு மயங்குதலும் ஆகாது. அமெரிக்காவின் 1886ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, பிறநாட்டுக் கொடியுடைய கப்பல் அந்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே மாத்திரம் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல இயலாது. ஆதலால், சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குச் சென்று திரும்பும் கப்பல்கள் கனடாவின் விக்ரோரியா முதலிய துறைமுகமொன்றில் நிற்கின்றன. பல பயணங்களில் அந்நிறுத்தம் மாலையில் தொடங்கி நள்ளிரவோடு முடியும் சில மணி நேரமே. எத்தனை துறைமுகங்கள் என்று எண்ணுவதிலும், ஒவ்வொன்றிலும் பகற்பொழுதில் எத்தனை மணி நேரம் என்று எண்ணுவதே மேல். கொம்பனி தன் விருப்பப்படி துறைமுகத்தை மாற்றும் உரிமையும் பயண ஒப்பந்தத்தில் உண்டு. 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பின், ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பல பயணங்கள் மாற்றப்பட்டன, சில கைவிடப்பட்டன. பயணக் காப்புறுதி வீண்செலவன்று என்பதை அந்நிகழ்ச்சி பலருக்கு உணர்த்திற்று.

பாலினின் காலத்தில் குளிர்காலக் கப்பலே காலியாகக் கிடந்தது. இன்றோ கப்பல்கள் நிறைந்தே செல்கின்றன. ஆயினும் மே மாதத்து அலாஸ்காவிலும், செப்டெம்பர் மாதத்துக் கரீபியனிலும், கடல் மாறிச் செல்லும் நீண்ட பயணங்களிலும், யன்னலற்ற உள்ளறைகளிலும் அந்தப் பழைய கவலை இன்னும் இருக்கிறது. நெடுநாட் சேமிப்பைக் கொண்டு வாழ்நாளில் ஒருமுறை கடற்பயணம் செல்ல விழையும் குடும்பம், அறிவித்த விலையை அன்றி முழுச் செலவைக் கணக்கிட்டு, அக்கவலை உள்ள இடத்தை நாடிச் செல்லுமாயின், கட்டணம் உயர்ந்த இக்காலத்திலும் கொடுத்த பணத்துக்கு நிறைவான பயனைப் பெறும்.