சொந்தக்காரர் இல்லாத விழா

சென்னைக்குப் பிறந்தநாள் ஆகஸ்ட் 22. 1639ஆம் ஆண்டு அந்த நாளில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி, வங்கக் கடலோரத்தில் ஒரு மணல்திட்டை நாயக்கர் குறுநிலத் தலைவர் தாமர்ல வெங்கடாத்ரியிடமிருந்து பெற்றது. கம்பெனிக்காகப் பேசியவர் பிரான்சிஸ் டே. இரு தரப்புக்கும் நடுவே நின்றவர் துபாஷ் பேரி திம்மப்பா. சாசனத்தில் தேதி ஜூலை 22 என்றும் காணப்படுகிறது. ஆனால் டே வந்து இறங்கியதே ஜூலை 27 அன்று என்பதால், ஆகஸ்ட் 22 என்ற கணக்கு நிலைத்தது.

இந்த நாளைக் கொண்டாடும் யோசனை 2004இல் பிறந்தது. 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழை நடத்திய வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையா, பத்திரிகையாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகிய மூவரும் தொடங்கிவைத்தார்கள். ஒரு நாளாக இருந்தது வாரமாக வளர்ந்தது; பிறகு ஆகஸ்ட் மாதம் முழுவதும் பரவியது. முத்தையா 2019 ஏப்ரலில் காலமானார். விழா நிற்கவில்லை.

நிற்காததற்குக் காரணம் அதன் அமைப்பு. தலைமை அலுவலகமோ பொது நிதியோ அதற்குக் கிடையாது. பேச விஷயம் உள்ளவர் கூடத்தைப் பிடிக்கிறார். நாளையும் நேரத்தையும் ஒருங்கிணைப்பாளர்களிடம் சொல்கிறார். நிகழ்ச்சிப் பட்டியலில் அது ஏறிவிடுகிறது. செலவு நடத்துபவருடையது. குடியிருப்போர் சங்கம், பள்ளி, நூலகம், புத்தகக் கடை என்று யாரும் நடத்தலாம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சொற்பொழிவும் கண்காட்சியும் வைக்கிறது. 'நிழல்' அமைப்பினர் தெரு மரங்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டே நடக்கிறார்கள். தபால்தலை, நாணயம், பழைய படங்கள் சேர்ப்பவர்கள் தங்கள் பெட்டிகளைத் திறந்து காட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினாவும் பயிற்சிப் பட்டறைகளும் உண்டு.

இவற்றுள் உயர்ந்தது நடைதான். வெயில் ஏறும் முன் இருபது முப்பது பேர் கூடி, கோட்டையையோ மயிலாப்பூர் மாடவீதிகளையோ திருவல்லிக்கேணியையோ சுற்றி வருகிறார்கள். தினமும் பஸ்ஸில் கடந்த கட்டடத்தின் முன் பத்து நிமிடம் நின்று கேட்டவர், அதை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தியைப் பிறகு அசட்டையாகப் படிக்க மாட்டார். அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இடிபடாமல் 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் காப்பாற்றியது. பாரம்பரியக் கட்டடங்களுக்கான குழு அமைந்ததும் அதையொட்டித்தான். வழக்காடியவர்கள் சிலர். ஆனால் அப்படியொரு வழக்கின் அருமை புரிய வேண்டுமானால் ஊருக்குக் கண் பழகியிருக்க வேண்டும்.

வெளிநாடுகளிலும் இதற்கு இணையானவை உண்டு. பிரான்சில் 1984இல் நினைவுச் சின்னங்களின் கதவுகளை மக்களுக்குத் திறந்துவிட்ட நாள், ஐரோப்பா முழுதுக்குமான பாரம்பரிய நாட்களாக விரிந்தது. லண்டனில் 1992 முதல் வழக்கமாக மூடியிருக்கும் கட்டடங்களையும் திறந்து காட்டுகிறார்கள்.

சென்னை விழாவுக்கு ஒரு குறையும் உண்டு. அதன் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பழைய நகர எல்லைக்குள்ளேயே நடக்கின்றன. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இப்போது அந்த வரைபடத்துக்குள். விழா இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

இந்த வட்டாரத்துக்கு வருவதற்குக் காரணங்கள் ஏராளம். ஸ்ரீபெரும்புதூர், 1017இல் ராமானுஜர் அவதரித்த ஊர் என்று வைணவ மரபு போற்றும் தலம். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் இங்கேதான். நினைவிடம் நெடுஞ்சாலையோரத்தில் இருக்கிறது. ஒரகடத்துக்கு வடகிழக்கே மணிமங்கலம்: முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு அதைச் சொல்கிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூர் அதற்கு வடக்கே. இன்னும் பின்னே போனால், ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே தாங்கிய கிரெட்டேசியக் காலப் பாறை அடுக்குகள். அவற்றில் செடிகளின் புதைபடிவங்கள். அவற்றை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

தண்ணீருக்குத் தனி நடை வேண்டும். அடையாறு உருவாவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளில். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் அதே ஆற்றில்தான் சேர்கிறது. ஏரிக்கரையில் நின்று மதகையும் கலங்கலையும் வரத்துக்காலையும் காட்டினால், 2015 டிசம்பர் வெள்ளம் ஏன் சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தது என்பதைச் சிறுவர்களும் புரிந்துகொள்வார்கள்.

ஆலைகளும் வரலாறுதான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998இல் வெளிவந்தது. நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி, உலகுக்கே கைபேசி செய்து அனுப்பி, 2014இல் மூடியது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும் பாரத்பென்ஸ் 2012இலும் வந்தன. இவ்வளவு வேகமாக ஒரு வட்டாரம் மாறியதற்குப் படமும் பொருளும் சேர்த்துவைக்க இதுவே தக்க காலம். அடையாள அட்டை, சீருடை, ஊதியச் சீட்டு, கம்பெனி பஸ் பாஸ், நிலம் கொடுத்த குடும்பத்தின் பட்டா நகல் எல்லாம் கண்காட்சிப் பொருள்களே. இன்னும் பத்தாண்டு தாமதித்தால் இவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

இங்கே நடத்துவதில் சிரமமும் உண்டு. கன்டெய்னர் லாரி ஓடும் சாலையில் கூட்டமாக நடக்க முடியாது. ஏரிக்கரையும் கோயில் தெருவும்தான் வசதி. ஷிஃப்ட் மாறும் நேரம் பார்த்து ஞாயிறு காலையில் வைக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்காக இந்தியிலும் ஒருவர் விளக்க வேண்டும். ஆலைக்குள் போக முன்கூட்டியே அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பேசினாலே போதும்.

யாரிடமும் உரிமம் வாங்கத் தேவையில்லாத விழா இது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளும் தொழிற்சங்கங்களும் ஏரிப் பாசன விவசாயிகளும் வரும் ஆகஸ்டில் ஆளுக்கொரு நிகழ்ச்சியை அறிவிக்க வேண்டும். ஜூலைக்குள் நாளைக் குறித்துச் சொல்லிவிட்டால் பட்டியலில் இடம் கிடைக்கும்.