சதுரடிக்கு எவ்வளவுன்னு கேட்டா மட்டும் போதுமா?

ஊர்ல வீடு கட்டி முடிச்சேன்னு சொன்னதுல இருந்து நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கறீங்க: "ப்ரோ, மொத்தம் எவ்வளவு ஆச்சு?" நம்பரை ஒரு வரியில சொல்லிடலாம். அந்த நம்பர் எப்படி ஏறுச்சு, எப்படிக் கொஞ்சம் இறங்குச்சுங்கறதுதான் கதை. அதனால இன்னிக்கு எபிசோடு முழுக்க ஒரு வேலையைப் பத்தி: குவான்டிட்டி சர்வேயர். சர்வேயர்னதும் நிலம் அளக்கறவர்னு நினைச்சுக்காதீங்க. இவர் அளக்கறது கட்டடத்துக்குள்ள போற பொருளையும் வேலையையும்.

எங்க ஊர் பவானி. கூடுதுறையில இருந்து நடந்து போற தூரத்துல வீடு. அப்பா ரிடையர் ஆனப்ப வந்த பி.எஃப். பணம், என் பேர்ல ஒரு ஹோம் லோன், ரெண்டையும் சேர்த்து 1,200 சதுரடியில கீழ்த்தளம் மட்டும். கான்ட்ராக்டர் சதுரடிக்கு 2,100 ரூபாய்னாரு. நான் எக்செல்ல ஒரு கட்டத்துல 1,200, இன்னொன்னுல 2,100 போட்டுப் பெருக்கினேன். 25 லட்சத்து 20 ஆயிரம். பட்ஜெட் ரெடி! யாராவது "நூறு வரி கோடுக்கு இவ்வளவு"ன்னு ஒரு ஆப்புக்கு விலை சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பேன். ஆனா என் சொந்த வீட்டுக்கு அதையேதான் பண்ணியிருக்கேன்.

லிண்டல் மட்டம் வந்தப்ப கான்ட்ராக்டர் அப்பா கையில ஒரு தாளைக் கொடுத்தாரு. மேல "எக்ஸ்ட்ரா"ன்னு எழுதியிருந்துச்சு. கடக்கால் ஆழம் போனது, பேஸ்மென்ட் ரெண்டடி உயர்த்தினது, சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு. மொத்தம் 5 லட்சத்து 80 ஆயிரம். லோன்ல அதுக்கு இடமே இல்ல. அம்மா நகையைப் பத்தின பேச்சு அன்னிக்கு ராத்திரியே வந்துருச்சு. அப்பா ஃபோன்ல, "ஏமாந்துட்டமாடா கண்ணு?"ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல. அதுதான் ரொம்ப உறுத்துச்சு.

அப்ப லீவுக்கு வந்திருந்தான் என் ஸ்கூல் நண்பன். ஆத்துக்கு அந்தப் பக்கம் குமாரபாளையத்துக்காரன். சிவில் முடிச்சிட்டு துபாய்ல குவான்டிட்டி சர்வேயரா இருக்கான். வந்ததும் மூணு விஷயம் கேட்டான்: டிராயிங் எங்க, அக்ரிமென்ட் எங்க, எம்-புக் எங்க? டிராயிங் இருந்துச்சு. அக்ரிமென்ட்னு ஒரு பக்க ஸ்டாம்ப் பேப்பர். எம்-புக்னா என்னன்னே எனக்குத் தெரியாது.

இந்த இடத்துல கொஞ்சம் விளக்கிடறேன். டிராயிங்கைப் பார்த்து, ஒவ்வொரு வேலையும் எவ்வளவு வரும்னு அளவெடுக்கறது இவங்களோட முதல் வேலை. மண் வெட்டறது எத்தனை கன அடி, கருங்கல் கட்டு எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு, கம்பி எத்தனை கிலோ, பூச்சு எத்தனை சதுரடின்னு ஒவ்வொண்ணும் தனி வரி. அந்தப் பட்டியலுக்குப் பேர் பி.ஓ.க்யூ. ஒவ்வொரு வரிக்கும் ரேட் போட்டுக் கூட்டினா எஸ்டிமேட். வேலை நடக்கும்போது உண்மையில எவ்வளவு நடந்துச்சுன்னு அளந்து அதுக்கு மட்டும் பில் போடறது ரெண்டாவது. நடுவுல ஏதாவது மாறினா, அந்த மாற்றத்துக்கு எவ்வளவு, அதை யார் கேட்டாங்கன்னு எழுதி வைக்கறது மூணாவது. நம்ம ஊர் கம்பெனிகள்ல பெரும்பாலும் பில்லிங் இன்ஜினியர்னு சொல்லுவாங்க. இலங்கையில இது தனிப் படிப்பு. மொறட்டுவ பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே டிகிரி இருக்கு. சின்ன வீடு கட்டற நாம யாரும் இப்படி ஒருத்தரை வச்சுக்கறதில்ல. மேஸ்திரி சொல்றதுதான் அளவு.

நண்பன் சொன்னதுல என் மண்டையில ஆணி அடிச்ச மாதிரி நின்னது ஒண்ணுதான். சதுரடி ரேட்டுக்கு விட்டா, உள்ள போற பொருள் எவ்வளவு குறையுதோ அவ்வளவு கான்ட்ராக்டருக்கு லாபம். வேலைக்கு வேலை தனி ரேட் போட்டு விட்டா, அளவு எவ்வளவு கூடுதோ அவ்வளவு லாபம். ரெண்டுலயும் நாம பேரம் பேசறது ரேட்டை. பணம் போறது அளவுல.

கம்பியை எடுத்துக்கங்க. கம்பியோட விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து, அதை அதாலயே பெருக்கி, 162-ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துரும். சைட்ல நிக்கற எல்லா இன்ஜினியருக்கும் இது மனப்பாடம். 10 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.617 கிலோ. 8 எம்எம் 0.395 கிலோ. தூரத்துல இருந்து பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா 10 போட வேண்டிய இடத்துல 8 போட்டா இரும்பு மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். ரூஃப் கான்கிரீட் போட்டு மூடிட்டா அப்புறம் யார் பார்க்கறது? எங்க வீட்டு ரூஃப்ல டிராயிங்படிதான் போட்டிருந்தாரு. கம்பி கட்டி முடிச்ச அன்னிக்கே நண்பன் டேப்போட மேல ஏறி, விட்டத்தையும் இடைவெளியையும் பார்த்துட்டான். கான்ட்ராக்டருக்குக் கொஞ்சம் மூஞ்சி சுருங்குச்சு. பரவால்லன்னு விட்டோம்.

இனி அந்த எக்ஸ்ட்ரா தாள். கடக்கால் மொத்த நீளம் 220 அடி. ரெண்டடி கூடுதல் ஆழம், ரெண்டடி அகலம், அதனால 880 கன அடி. மண் வெட்டறதும் சேர்த்து கன அடிக்கு 150 ரூபாய்னு போட்டிருந்தாரு. கணக்கு சரிதான், பெருக்கல் சரி. ஆனா ஆழம் போனது வீடு முழுக்கவா? பின்பக்கம் மட்டும்தான் மண் லூசா இருந்துச்சுன்னு அம்மாவுக்கு ஞாபகம். ஆனா இப்ப எல்லாம் மூடியாச்சு, தோண்டியா பார்க்க முடியும்? எங்களைக் காப்பாத்தினது ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப். பூஜை போட்ட வாரத்துல அம்மா தினமும் குழியைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தாங்க. தேதியோட இருந்துச்சு. அதைக் காட்டினதும் கான்ட்ராக்டரே, "ஆமாங்க, பின்னாடியும் ரெண்டு பக்கம் பாதியும்தான். பசங்க மொத்தமா எழுதிட்டாங்க"ன்னாரு. 90 அடி. அப்ப 360 கன அடி. வித்தியாசம் 520 கன அடி, 78,000 ரூபாய்.

மண் ரொப்பினது இன்னும் சுவாரசியம். சுவர் போக உள்ளே 1,050 சதுரடி, ரெண்டடி உயரம்னா 2,100 கன அடி, அதாவது 21 யூனிட். தண்ணி விட்டு இடிச்சா மண் அமுங்கும். அதுக்குக் கால் பங்கு சேர்த்தா 26 யூனிட். லோடுக்கு மூணு யூனிட்னா ஒம்பது லோடு. பில்லுல 16. மூணு லோடு வாசல் முன்னாடி பள்ளத்துக்குப் போனதை அவரே கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. மீதி நாலு? அவர் கொட்டினேங்கறாரு, அப்பா பார்க்கலங்கறாரு. ரெண்டு பேரும் எழுதி வைக்கல. அதனால ஆளுக்கு ரெண்டுன்னு முடிச்சோம். அந்த நாலு லோடு உண்மையா வந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இதுல எனக்கு வேகம் வந்துருச்சு. பூச்சு அளவுல கதவு, ஜன்னல் இடத்தைக் கழிக்கவே இல்லைன்னு நானே கண்டுபிடிச்சு, ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு கழிச்சு, பெருமையா நீட்டினேன். நண்பன் சிரிச்சான். அளவெடுக்க ஐ.எஸ். 1200-ன்னு இந்தியத் தரநிலை ஒண்ணு இருக்கு. அரை சதுர மீட்டருக்குள்ள இருக்கற திறப்புக்குக் கழிவே கிடையாது. அதுக்கு மேல மூணு சதுர மீட்டர் வரைக்கும், ரெண்டு பக்கமும் பூசியிருந்தா ஒரு பக்கம் மட்டும்தான் கழிக்கணும். ஏன்னா அந்தத் திறப்பைச் சுத்தி ஓரம் பூசறதுக்கு கொத்தனார் தனியா மெனக்கெடறாரு, அதுக்குத் தனியா காசு கிடையாது. "நீ போட்ட கணக்குல கொத்தனார் கூலியைத் திருடறே"ன்னான். குவான்டிட்டி சர்வேயர் வீட்டுக்காரரோட உளவாளி இல்லைன்னு அப்பதான் புரிஞ்சுது. அவன் அளக்கறது ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

எம்-புக்குக்கு வர்றேன். மெஷர்மென்ட் புக். பொதுப்பணித்துறை வேலைகள்ல அளவை எழுதற நோட்டு. பக்கத்துக்கு நம்பர் அடிச்சிருக்கும், கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. தப்பா எழுதினா கோடு போட்டு அடிச்சு, சரியானதை எழுதி, பக்கத்துல சுருக்கொப்பம் வைக்கணும். மண்ணுக்குள்ள போற வேலையை மூடறதுக்கு முன்னாடியே அளக்கணும். என்னை மாதிரி கிட் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டதும் புல்லரிச்சுது. வெள்ளைக்காரன் காலத்துலயே பேப்பர்ல கமிட் ஹிஸ்டரி வச்சிருந்திருக்காங்க!

சரி, வீட்டுக்கே இப்படின்னா பெரிய வேலைக்கு? எங்க ஊர்லயே உதாரணம் இருக்கு. அத்திக்கடவு–அவிநாசி திட்டம். பவானியில காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ உபரித் தண்ணியை எடுத்து, ஆறு நீரேற்று நிலையம் வழியா ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்கள்ல 1,045 குளம் குட்டைக்குக் கொண்டு போறது. 2019 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினப்ப 1,652 கோடி. 2024 ஆகஸ்ட் 17-ல திறந்தப்ப 1,916.41 கோடி. 264 கோடி கூடுதல்னு படிச்சதும் கை தானா ட்வீட் போடப் போகும். ஆனா மொத்தத் தொகையை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அளவு கூடுச்சா, ரேட் ஏறுச்சா, பட்டியல்லயே இல்லாத வேலை புதுசா வந்துச்சான்னு மூணாப் பிரிச்சுப் பார்க்கணும். அந்தத் திட்டத்துல குழாய் மட்டும் 1,065 கிலோமீட்டர். சும்மா ஒரு கணக்குக்குச் சொல்றேன்: ஒரு மீட்டர் அகலத்துல வெட்டற பள்ளம் வழிநெடுக வெறும் 10 சென்டிமீட்டர் ஆழம் கூடினா, 1,06,500 கன மீட்டர் கூடுதல் மண். கன மீட்டருக்கு 100 ரூபாய்னு வச்சாலே ஒரு கோடியைத் தாண்டும். அது மண்ணா இல்லாம பாறையா இருந்தா ரேட்டே வேற. நம்ம கொங்கு மண்ணுல எங்க வெட்டினாலும் கொஞ்ச ஆழத்துல என்ன வரும்னு கிணறு வெட்டின எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் சொல்லுவாரு.

இந்தத் தொழில் பிறந்த இடமே தப்பிக்கல. லண்டன் பார்லிமென்ட் 1834-ல எரிஞ்சு போச்சு. சார்லஸ் பாரிங்கற ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணின புதுக் கட்டடம்தான், கட்டறதுக்கு முன்னாடியே விவரமா அளவெடுத்து மதிப்புப் போட்ட முதல் பெரிய அரசுக் கட்டடங்கள்ல ஒண்ணுன்னு சொல்லுவாங்க. மதிப்பு ஏழு லட்சம் பவுண்டு சொச்சம், ஆறு வருஷ வேலை. கடைசியில இருபது லட்சம் பவுண்டைத் தாண்டி, இருபது வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. அளந்துட்டா மாற்றம் வராதுன்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. எந்த மாற்றத்துக்கு எவ்வளவு போச்சுன்னு காட்டத்தான் முடியும்.

எங்க வீட்டுக் கணக்கை முடிச்சிடறேன். காம்பவுண்டுல கேட் வர்ற இடத்தையும் ஏற்கெனவே இருந்த பழைய சுவரையும் சேர்த்து அளந்திருந்ததுல ஒரு 23,000. கடக்கால் 78,000, மண் ரெண்டு லோடு 9,000. ஆக 1 லட்சத்து 10 ஆயிரம் குறைஞ்சு, 4 லட்சத்து 70 ஆயிரம் கொடுத்தோம். அதாவது அந்தத் தாள்ல இருந்த செலவுல பெரும்பங்கு நியாயமான செலவுதான். ரோடு உயர்ந்த தெருவுல பேஸ்மென்ட் உயர்த்தித்தான் ஆகணும். செப்டிக் டேங்க் இல்லாம வீடு கிடையாது. இதெல்லாம் முதல் நாளே ஒரு பட்டியல்ல இருந்திருந்தா லோனை அதுக்குத் தக்க வாங்கியிருப்போம், அந்த ராத்திரி நகைப் பேச்சே வந்திருக்காது. கான்ட்ராக்டர் மேல எனக்கு இப்பக் கோபம் இல்ல. அக்ரிமென்ட்ல என்னென்ன சேராதுன்னு நான் கேட்கவே இல்லையே.

மாடி எடுக்கலாம்னு அப்பா இப்பவே ஆரம்பிச்சுட்டாரு. அதே கான்ட்ராக்டர்தான். இந்தத் தடவை நண்பன் துபாய்ல இருந்தே பி.ஓ.க்யூ. போட்டு அனுப்பியிருக்கான், 41 வரி. கூடுதல் வேலை எதுவா இருந்தாலும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரேட் பேசி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னு ஒரு வரி தனியா இருக்கு. அப்பா மேட்டூர் ரோட்டுல ஒரு கடையில 192 பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் சிவப்பு பேனாவுல நம்பர் போட்டுட்டு இருக்காரு. நேத்து ஃபோன் பண்ணப்ப 130-க்கு வந்திருந்தாரு.

உங்க வீட்டுல இப்படி எக்ஸ்ட்ரா தாள் வந்திருந்தா எழுதி அனுப்புங்க, பேசலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.