கண் மங்கினால் கடமை மங்குமோ?

மருத்துவம் நான்கு கூறு என்றார் வள்ளுவர். நோயுற்றவர் ஒரு கூறு. நோய் தீர்ப்பவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. பக்கத்திலிருந்து பணிபுரிபவர் ஒரு கூறு. நாலில் ஒரு பங்கைச் செவிலியருக்கு அன்றே எழுதி வைத்துவிட்டார் அவர். அந்த நாலாவது பங்காளியை நாடு நடத்துகிற விதத்தைப் பாருங்கள்! ஓடியாடி உழைக்கிற வரையில் "சிஸ்டர், சிஸ்டர்" என்று குழைகிறது. கண் சற்று மங்கிவிட்டது என்று காதில் விழுந்தாலோ, "இனி இவர் எதற்கு?" என்று முகம் சுளிக்கிறது!

தஞ்சைத் தரணிக்கு வாருங்கள், தோழர்களே! 1959-இல் தஞ்சையிலே மருத்துவக் கல்லூரி வந்தது. 2010-இல் திருவாரூரிலே வந்தது. 2022-இல் நாகப்பட்டினத்திலே வந்தது. மகிழ்கிறோம், வரவேற்கிறோம். ஆனால் வயலிலே நிற்கிற உழவனுக்கும் உழத்திக்கும் முதல் மருத்துவமனை எது? கல்லூரிக் கட்டடமா? இல்லை. ஊருக்குள்ளே இருக்கிற துணை சுகாதார நிலையம். அங்கே இருக்கிற நர்சம்மா! கதிரடிக்கையிலே நெல் தெறித்துக் கருவிழியைக் கீறிவிடுகிறது. பச்சிலைச் சாற்றைப் பிழிகிறார்கள், தாய்ப்பாலைப் பீய்ச்சுகிறார்கள். கீறலிலே பூஞ்சை பற்றிப் புண்ணாகி, பார்வையே பறிபோகிறது. "கையை எடு! ஒன்றும் விடாதே! உடனே கண் டாக்டரிடம் போ!" என்று கூவி, அந்தக் கண்ணைக் காப்பாற்றுகிறவர் அந்த அம்மையார்தான். ஊரின் கண்ணைக் காக்கிறவர் அவர். அவருடைய கண்ணைக் காப்பவர் யார்?

அவர் செய்கிற வேலை எத்தகையது, தெரியுமா? பிறந்த குழந்தைக்குப் போடுகிற காசநோய்த் தடுப்பூசியின் அளவு 0.05 மில்லி. ஒரு மில்லியை இருபதாகப் பங்கிட்டு, அதிலே ஒரு பங்கு! தடுப்பு மருந்துக் குப்பியின்மேல் ஒரு சிறு வட்டம். வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாயிருந்தால் மருந்து நல்ல மருந்து. சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால், வெப்பம் பட்டுக் கெட்ட மருந்து. இன்சுலின் சிரிஞ்சிலே 40-க்கு ஒரு வகை, சிவப்பு மூடி. 100-க்கு ஒரு வகை, ஆரஞ்சு மூடி. 100-க்கான மருந்தை 40-க்கான சிரிஞ்சிலே அதன் கோடு பார்த்து ஏற்றினால், உடம்பிலே இறங்குவது இரண்டரை மடங்கு! கோட்டைப் பார்க்கவேண்டும், நிறத்தைப் பார்க்கவேண்டும், குப்பியின் எறும்பெழுத்தைப் படிக்கவேண்டும். இரவுப் பணியிலே, அழுது வடிகிற ஒற்றை விளக்கின் கீழே!

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருகிறது. ஊரார் அதைச் சாளேசுரம் என்பார்கள். மன்னனுக்கும் வரும், மாடு மேய்ப்பவனுக்கும் வரும், மருத்துவருக்கும் வரும். செவிலிக்கு மட்டும் வராமல் இருக்குமா? சிலருக்குச் சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்கிறது. சிலருக்குக் கண்புரை. சிலருக்கு மாலைக்கண், பகலெல்லாம் பழுதில்லை, பொழுது சாய்ந்தால் பாதை தெரியாது.

வந்துவிட்டால் என்ன செய்கிறார்? சொல்லலாம். சொன்னால்? "சரிப்படாது, வீட்டுக்குப் போ" என்பார்களோ, ஏளனம் பேசுவார்களோ, எங்கோ தூக்கிப் போடுவார்களோ என்று அச்சம். மூத்த செவிலிக்கே இந்த அச்சம் என்றால், தொகுப்பூதியக்காரரின் கதி என்ன? 2015-இல் மாதம் 7,700 ரூபாய்க்குச் சேர்க்கப்பட்டு, இரண்டாண்டில் நிரந்தரம் என்ற சொல்லை நம்பி, 2017 நவம்பரில் சென்னையிலே போராட்டத்தில் குதித்தார்களே செவிலியர்கள், நினைவிருக்கிறதா? இருக்கிற வேலையே இன்றைக்கோ நாளைக்கோ என்றிருப்பவர், "எனக்குக் கண் தெரியவில்லை" என்று எப்படி வாய் திறப்பார்? குப்பியைக் கை நீளும் மட்டும் நீட்டிப் பிடிப்பார். பக்கத்துத் தோழியைப் படிக்கச் சொல்வார். பழக்கத்தை வைத்தே பொழுதை ஓட்டுவார்.

"ஐயா, இது உயிர் விஷயம்! ஒரு கோடு தவறினால் ஓர் உயிர் போகுமே! பார்வை குறைந்தவரை வைத்துக்கொள்வது பாவமல்லவா?" என்று கேட்கிறார்கள் பெரிய மனிதர்கள். நல்ல கேள்வி. உயிர் விஷயம்தான், மறுக்கவில்லை. மறுக்காததால்தான் திருப்பிக் கேட்கிறோம்: நோயாளிக்கு ஆபத்து எங்கே இருக்கிறது? கண்ணாடி போட்ட கண்ணிலா? மறைத்து வைத்த கண்ணிலா? சொன்னால் சோறு போகும் என்று மிரட்டி வைத்துவிட்டு, சொல்லவில்லையே என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்?

வெள்ளெழுத்துக்கு மருந்து, மலிவான ஒரு கண்ணாடி. அதன் வலிமையை அசாம் தேயிலைத் தோட்டத்திலே அளந்தே பார்த்தார்கள். நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்கள். பாதிப்பேருக்குக் கண்ணாடி உடனே, மீதிப்பேருக்குப் பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து, போடாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதல்! 2018-இல் லான்செட் குழுமத்தின் மருத்துவ ஏட்டிலே வெளிவந்த ஆய்வு இது. கொழுந்து கிள்ளும் விரலுக்கே கண்ணாடி இவ்வளவு துணை என்றால், குழந்தைக்கு ஊசி போடும் விரலுக்கு எவ்வளவு துணை!

கண்ணாடிக்கும் அடங்காத குறை என்றால்? அதற்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 20-ஆம் பிரிவைப் படியுங்கள். பணியிலிருக்கும்போது உடற்குறை ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் நீக்கக் கூடாது. பதவி இறக்கக் கூடாது. பழைய வேலைக்குப் பொருந்தவில்லை என்றால், அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை. வேறு வேலை காலியில்லை என்றால், கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வரையிலோ கூடுதல் பணியிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சலுகையா இது? சட்டம்!

சங்கம் வைத்து என்ன கண்டோம் என்று சலித்துக்கொள்ளும் தோழர் ஒரு செய்தி கேட்கட்டும். தெலங்கானாவிலே ஒரு பேருந்து ஓட்டுநர். நிறக்குருடு என்று கண்டுபிடித்து, நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிற்று. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் என்ன சொல்லிற்று? அதே சம்பளத்தில் மாற்று வேலை கொடு என்றது! எதை வைத்துச் சொல்லிற்று? 1979-இல் தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை வைத்து! 46 ஆண்டுகளுக்கு முன்னே எழுதிய வரி, முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் அடுப்பை அணையாமல் காத்தது.

மாற்று வேலை என்றால் மூலையிலே உட்கார வைப்பதல்ல. ஜெர்மனியிலே பிராங்க் ஹாப்மன் என்ற மகப்பேறு மருத்துவர், பார்வையற்ற பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். மார்பகப் புற்றுநோயின் சிறு கட்டியை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடிக்கும் பயிற்சி. டெல்லியிலும் அத்தகைய பயிற்சி நடைபெற்றிருக்கிறது. கண் விட்ட இடத்தை விரல் பிடித்துக்கொண்டது! நம் மதுரையிலே டாக்டர் வெங்கடசாமி: முடக்குவாதம் விரல்களை முறுக்கிப் போட்டது, மகப்பேறு மருத்துவராகும் எண்ணம் தகர்ந்தது. கோணிய விரலிலே கத்தி பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார். 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கி, எத்தனையோ ஏழைகளுக்குக் கண் கொடுத்தார். "கை கோணல், இவர் எதற்கு?" என்று அன்று துரத்தியிருந்தால், இழந்திருப்பது யார்? அவரா? நாமா?

ஆகவே கேட்கிறோம். ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு செவிலிக்கும் கண் பரிசோதனை. கண்ணாடி நிர்வாகத்தின் செலவில். மருந்து மேசைதோறும் நல்ல விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, பெரிய எழுத்திலே மருந்தின் பெயர். மாலைக்கண் உள்ளவருக்குப் பகல் பணி. பார்வை மேலும் குறைந்தவருக்குச் சம்பளம் குறையாத மாற்றுப் பணி: தாய்மார்களுக்கு அறிவுரை சொல்ல, தொலைபேசியில் நோயாளியை விசாரிக்க, இளஞ்செவிலியருக்குப் பாடம் நடத்த. முப்பதாண்டு அனுபவம் கண்ணிலா இருக்கிறது? ஒப்பந்தக்காரர், தொகுப்பூதியக்காரர் என்ற பாகுபாடு இதிலே கூடாது. இருட்டு ஆளுக்கேற்றபடி வருவதில்லை!

தோழர்களே, அடுத்த முறை பிள்ளைக்கு ஊசி போட நிலையத்துக்குப் போகும்போது, அந்த மேசைக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா? எரியவில்லையென்றால் அந்த அம்மையாரிடம் சினக்காதீர்கள். அவரோடு சேர்ந்து மேலதிகாரிக்கு மனு எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள், கிராம சபையிலே எழுந்து கேளுங்கள். அவருக்கு வெளிச்சம் கேட்பது, நம் பிள்ளையின் உயிருக்குக் காவல் கேட்பது!