வெப்பமானி மட்டும் போதாது

வெயில் கடுமையானால் வெப்பநிலை எத்தனை பாகை என்றே அனைவரும் வினவுகின்றோம். உடலை வாட்டுவதில் வளியின் ஈரப்பதனுக்கும் பெரும் பங்குண்டு.

ஜெனீவா அறிஞர் சொசூர் 1783 இல் விவரித்த ஈரமானி மனித மயிரைக் கொண்டது. ஈரத்தில் மயிர் சற்று நீளும், உலர்ந்தால் சுருங்கும். அதனிலும் நம்பகமானது ஈர உலர் குமிழ் வெப்பமானி. இரு வெப்பமானிகளுள் ஒன்றின் குமிழை நனைந்த துணி சுற்றியிருக்கும். நீர் ஆவியாகையில் அக்குமிழ் குளிரும். உலர்குமிழ் 30 பாகை செல்சியசும் ஈரக்குமிழ் 20 பாகையும் காட்டின், சாரீரப்பதன் ஏறத்தாழ 40 வீதம். ஈரக்குமிழ் 27 பாகையாயின் அது 80 வீதத்தை அண்மிக்கும். (துணி காய்ந்துவிட்டால் இரண்டும் ஒரே அளவைக் காட்டி ஏமாற்றும்.)

வியர்க்கும் மனித உடலும் ஓர் ஈரக்குமிழே. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற இயலாதென 2010 இல் ஆய்வாளர் கணித்தனர். 2022 இல் வெளியான பரிசோதனைகளோ, ஈரமான சூழலில் உடல்நலமுள்ள இளையோருக்கே அவ்வெல்லை 31 பாகையளவில் உள்ளதெனக் காட்டின. அவ்வாறாயின் முதியோர் நிலை என்ன? வயலில் உழைப்போர் நிலை என்ன?

நமது வளிமண்டலவியல் திணைக்களம் ஈரப்பதனையும் சேர்த்தே வெப்பச் சுட்டெண் எச்சரிக்கையை விடுக்கின்றது. பாடசாலை விளையாட்டுப் போட்டிகளையும் கட்டட வேலைகளையும் நண்பகலில் நடத்துவோர் அதனைப் பார்த்த பின்னரே நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.