வீட்டுத் தரகர்களின் தரவு அகராதி

அமெரிக்காவில் வீட்டை விற்க விரும்புபவர் ஒரே தரகருடன் ஒப்பந்தம் செய்துகொண்டாலும், அவ்வீட்டின் விலை, பரப்பு, அறைகள், படங்கள் முதலிய விவரங்கள் விரைவிலேயே அவ்வட்டாரத்தின் மற்றத் தரகர்களையும் எட்டிவிடுகின்றன. இதற்கு வழிசெய்வது மல்ட்டிபிள் லிஸ்டிங் சர்வீஸ் எனப்படும் கூட்டுப் பட்டியல் அமைப்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரகர்கள் சங்க அலுவலகங்களில் கூடித் தம்மிடமுள்ள வீடுகளைப் பிறருக்கு அறிவித்து, வாங்குபவரை அழைத்துவருபவருக்குத் தரகில் பங்கு தர உடன்பட்ட வழக்கமே அச்சுப் புத்தகமாகவும் பின்னர்க் கணினித் தரவுத்தளமாகவும் வளர்ந்தது. ஒரு வழக்கின் சமரசத்தையடுத்து, அப்பங்கைப் பட்டியலில் குறிப்பிடும் முறையைத் தரகர்களின் தேசியச் சங்கம் 2024 ஆகஸ்ட்டில் விலக்கிவிட்டது. ஆயினும் விவரப் பகிர்வு தொடர்கிறது.

நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு உருவாகாமல், வட்டாரந்தோறும் பல நூறு அமைப்புகள் தனித்தனியே வளர்ந்ததுதான் அவற்றிடையே விவரங்களைப் பரிமாறுவதில் எழுந்த சிக்கலுக்குக் காரணம். 1999இல் வெளிவந்த ரெட்ஸ் என்னும் தரமுறை, ஒரு கணினி மற்றொன்றிடம் பட்டியலைக் கேட்டுப் பெறும் நடைமுறையை ஒழுங்குபடுத்தியது. ஆனால் புலங்களின், அதாவது ஒவ்வொரு விவரத்தையும் இடும் கட்டங்களின், பெயரையும் பொருளையும் பெரும்பாலும் அந்தந்த அமைப்பே தீர்மானித்ததால், மென்பொருள் எழுதுவோர் ஒவ்வோர் அமைப்புக்கும் தனிப் பொருத்தப் பட்டியல் தயாரிக்க நேர்ந்தது.

இக்குறையை நீக்கியது, ரெசோ என்னும் தரப்படுத்தல் நிறுவனம் வகுத்த தரவு அகராதி. இத்துறையின் மிக மதிக்கத்தக்க ஆக்கம் இதுவே எனலாம். எடுத்துக்காட்டாக, குளிக்கும் வசதியின்றிக் கழிப்பிடமும் கைகழுவும் தொட்டியும் மட்டும் உள்ள அறையை அமெரிக்கர் அரைக் குளியலறை என்பர். இரண்டு முழுக் குளியலறைகளும் ஓர் அரையும் உள்ள வீட்டை இரண்டரை என்பதா, மூன்று என்பதா? மொத்த எண்ணிக்கைக்குரிய புலத்தில் மூன்று என்றே எழுதவேண்டும் என்று அகராதி வரையறுத்து, முழுவதையும் அரையையும் குறிக்கத் தனிப் புலங்களையும் தருகிறது. இத்தகைய சிறு முடிவுகள் இன்றேல், வெவ்வேறு ஊர்களின் பட்டியல்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

ரெட்ஸை 2018இல் கைவிட்ட ரெசோ, இணையவழியே வினவி விடைபெறும் வாயிலான வெப் ஏபிஐயை அதற்கு மாற்றாக முன்வைத்தது. ஒவ்வொரு பதிவிலும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் பொறிக்கப்பட்டிருப்பதால், பெறும் கணினி முழுப் பட்டியலையும் மீண்டும் இறக்காமல், முன்பு கேட்டதற்குப் பின் மாறியவற்றை மட்டும் கேட்டு வாங்குகிறது. இதனால், ஒப்பந்தமாகிவிட்ட வீடு இன்னும் விற்பனையில் இருப்பதாகக் காட்டப்படுவது பெரிதும் குறைகிறது.